கடமானுக்கு எந்தத் தோட்டா?

மானுக்கு எந்தத் தோட்டா, கடமானுக்கு எந்தத் தோட்டா என்ற பேச்சு புதுச்சேரியின் கதிர்காமத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மணிக்கணக்கில் நடந்த காலம் உண்டு. பேசியவர்கள் எல்லாரும் சொல்தாக்கள். பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனா வரை போய்வந்து, பென்ஷனோடு ஊரில் தங்கிவிட்டவர்கள். என் பெரியப்பா அவர்களில் ஒருவர். பிரான்சின் சேந்த் எத்தியேன் நகரில் செய்த இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று அவரிடம் இருந்தது. குழலின் அளவு பன்னிரண்டு போர்.

ஊசுட்டேரிக் கரையில் வாத்தும் கௌதாரியும் சுடுவதற்கான தோட்டாக்களை அவரே வீட்டில் கட்டுவார். அதற்கென்று மேசை ஓரத்தில் திருகிப் பொருத்துகிற சின்ன இயந்திரம் இருந்தது. சுட்டு முடித்த காகிதத் தோட்டாவிலிருந்து பழைய வெடிக்கேப்பைத் தட்டி எடுத்துவிட்டுப் புதிய கேப்பைப் பொருத்துவார். அளவுக் குப்பியால் மருந்து, அதன்மேல் தடித்த கம்பளி அட்டை, அதன்மேல் ஈய ரவை, எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய வட்ட அட்டை. பிறகு தோட்டாவை இயந்திரத்துக்குள் வைப்பார். கைப்பிடியைச் சுற்றுவது என் வேலை. சுற்றச் சுற்றக் காகித விளிம்பு உள்பக்கமாகச் சுருண்டு மூடிக்கொள்ளும். அட்டையின் மேல் எந்த நம்பர் ரவை என்று பென்சிலால் எழுதிவைப்பார்.

நம்பர் ஏற ஏற ரவை சிறுக்கும். ஓர் அவுன்ஸ் ஈயத்தில் ஆறாம் நம்பர் என்றால் ஏறத்தாழ 270 மணி, நாலாம் நம்பர் என்றால் 170. மானுக்கு என்று வந்தால் எஸ்.ஜி., எல்.ஜி. இந்த இரண்டும் கடையில் வாங்கியவை. எஸ்.ஜி.யில் அவுன்ஸுக்கு எட்டுக் குண்டு, எல்.ஜி.யில் ஆறு. குண்டு பெரிதா, எண்ணிக்கை அதிகமா, எது நல்லது என்பதுதான் திண்ணையில் நடந்த வழக்கு. எத்தனை கஜத்தில் சுடுவது என்று யாரும் கேட்டதில்லை. அடிபட்ட விலங்கு எவ்வளவு நேரத்தில் சாகும் என்பதும் அந்தப் பேச்சில் வந்ததில்லை.

உரிமம் வாங்கி வேட்டையாடச் சட்டம் இடம் கொடுத்திருந்த காலம் அது. ஒருமுறை கல்வராயன் மலையடிவாரத்துக்கு என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்கள். பொழுது சாயும் நேரம். ஓடைக்கு அந்தப் பக்கம் ஆண் கடமான் ஒன்று கழுத்து மயிர் சிலிர்க்க நின்றது. எழுபது கஜம் இருக்கும். பெரியப்பா எல்.ஜி. போட்டுச் சுட்டார். விலங்கின் முதுகு ஒருமுறை வளைந்தது, அவ்வளவுதான். புதருக்குள் போய்விட்டது. இலைகளில் ரத்தத்துளிகள் கொஞ்ச தூரம் தெரிந்தன. டார்ச் வெளிச்சத்தில் தேடினோம். விடிந்து மறுபடி தேடினோம். கிடைக்கவில்லை. திரும்பி வரும்போது ஜீப்பில் யாரும் பேசவில்லை.

அன்று நடந்ததன் கணக்கு இன்று எனக்குத் தெரியும். உருண்டை ஈயக் குண்டு காற்றில் வேகத்தைச் சீக்கிரம் இழக்கும். நாற்பது கஜம் தாண்டினால் ஆறு குண்டும் ஆறு பக்கம் விரியும். முழு வளர்ச்சி பெற்ற ஆண் கடமான் 200 கிலோவுக்கு மேல் எடை வரும், தோலும் தடிமன். எழுபது கஜத்தில் ஒன்றோ இரண்டோ குண்டு குடலில் பட்டிருக்கும். அந்தக் கடமான் அன்றிரவே செத்திருக்காது.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உரிமத்தோடு வேட்டையாட மிச்சமிருந்த வழியையும் 1991இல் வந்த திருத்தம் அடைத்தது. சரியான சட்டம், இன்னும் முன்பே வந்திருக்க வேண்டியது. வாத்துச் சுட்ட ஊசுட்டேரியைப் புதுச்சேரி அரசு 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. கதிர்காமத்தில் இப்போது மருத்துவக் கல்லூரி, ஆம்புலன்ஸ் சத்தம், இடைவெளி இல்லாத வீடுகள். தோட்டா நம்பர் சொன்னால் விளங்கிக்கொள்ள எங்கள் தெருவில் யாருமில்லை.

அந்தப் பேச்சு இப்போது எனக்குத் தொலைபேசியில் வருகிறது. தங்கை மகன் அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் குடியேறியவன். வருஷத்துக்கு ஒருமுறை எல்க் வேட்டைக்குப் போகிறான். நம் கடமானைவிடப் பெரிய மான் வகை. ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். நுவரெலியா மலைகளில் வேட்டையாடிய சாமுவேல் பேக்கர் போன்ற வெள்ளைக்காரர்கள் இலங்கைக் கடமானை எல்க் என்றே எழுதினார்கள்.

அவன் தோட்டா தேர்ந்தெடுக்கும் விதம் என்னை உட்கார்ந்து கேட்க வைத்தது. முதலில் சட்டம். 1949இலோ அதற்குப் பிறகோ பிறந்த யாரும் பொதுவாக வேட்டைப் பாடம் படித்துச் சான்றிதழ் வாங்காமல் அங்கே உரிமம் கேட்க முடியாது. சாதாரண மானுக்கு ரைபிள் குண்டின் எடை குறைந்தது 70 கிரெய்ன், எல்க்குக்கு 85 கிரெய்ன், அதாவது ஐந்தரை கிராம். நூறு கஜத்தில் போய்த் தாக்கும்போது குண்டுக்கு இவ்வளவு ஆற்றல் மிச்சம் இருக்க வேண்டும் என்றும் விதி உண்டு. குண்டு உடம்புக்குள் போனதும் முனை விரிகிற வகையாகத்தான் இருக்க வேண்டும். இவன் விதியோடு நிற்காமல் முப்பது-நாட்-சிக்ஸ் ரைபிளில் 180 கிரெய்ன் குண்டு போடுகிறான்.

"பட்டாளத்துத் தோட்டா போட்டா என்னடா? எங்க பெரியப்பா அதைத்தானே உசத்தின்னு சொல்வார்?" என்று கேட்டேன்.

"அது ஆகாது மாமா. முழுக்கச் செம்பு உறை போட்ட குண்டு ஊசி மாதிரி அந்தப் பக்கம் போயிடும். மான் அரை மைல் ஓடி எங்கேயாவது கிடந்து துடிக்கும். முனை விரிஞ்சாத்தான் நுரையீரல் உடனே நிக்கும். நீங்க கேக்கறது நல்ல கேள்வி, ஆனா அந்தத் தோட்டாவை நான் தொடமாட்டேன்."

முனை விரிகிற இந்தக் குண்டு நம் நாட்டோடு சம்பந்தப்பட்டது. 1890களில் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் ஆயுதசாலையில், எதிரியின் உடலைத் துளைத்துவிட்டு வெளியே போய்விடாமல் உள்ளேயே விரியட்டும் என்று குண்டின் முனையில் உறையை விலக்கி ஈயத்தைத் திறந்துவைத்தார்கள். 1899இல் ஹேக் மாநாடு அதைப் போரில் கூடாது என்று அறிவித்தது. மனிதன்மேல் கொடுமை என்று விலக்கிய குண்டு, மான்மேல் கருணை என்று கட்டாயமாகியிருக்கிறது. இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள எனக்குச் சில நாள் பிடித்தது. போரில் காயம்பட்டவனுக்கு ஆஸ்பத்திரி உண்டு. காட்டில் காயம்பட்ட மானுக்கு என்ன இருக்கிறது?

இரண்டு வருஷமாக அவன் ஈயத்தையே விட்டுவிட்டான். முழுச் செம்பில் செய்த குண்டு. அமெரிக்காவின் பார்ன்ஸ் நிறுவனம் 1989இல் விற்பனைக்குக் கொண்டுவந்த வகை அது. ஈயக் குண்டு உடம்புக்குள் பொடியாகச் சிதறும். காயத்திலிருந்து ஒரு சாண் தள்ளியிருக்கிற இறைச்சியிலும் எக்ஸ்ரேயில் துகள் தெரியும். வேட்டைக்காரர் விட்டுப்போன குடலைத் தின்ற கலிபோர்னியா காண்டோர் கழுகுகள் ஈய விஷத்தால் செத்தன. 1982இல் உலகத்தில் மிஞ்சியவை 22. கலிபோர்னியா 2019 முதல் வேட்டைக்கு ஈயத் தோட்டாவை முழுக்கத் தடை செய்தது. டென்மார்க் 2024இல் ரைபிள் குண்டிலும் ஈயத்தை விலக்கியது. வாத்துகள் சேற்றில் கிடக்கும் ஈய ரவையைக் கல் என்று விழுங்கிச் சாவது இன்னும் பழைய செய்தி. ஊசுட்டேரிச் சேற்றில் எங்கள் தெருத் துப்பாக்கிகள் இறைத்தது எத்தனை படி ரவை என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது.

காட்டில் கடமான் நின்ற நாளில் எங்களிடம் இந்த அறிவு இல்லை. அறிவு வந்த நாளில் சுடுவதற்கு நமக்கு உரிமை இல்லை. அந்த உரிமை திரும்ப வரவேண்டாம். ஆனால் இந்த அறிவு நம் ஊருக்கு வேண்டாம் என்று தள்ளவும் முடியாது. பயிரை அழிக்கும் விலங்குகளைச் சுட அரசுகளே அனுமதி கொடுத்துக்கொண்டிருக்கின்றன. பீகாரில் 2016இல் நீலான் என்னும் நீல்காய்களை நூற்றுக்கணக்கில் சுட்டார்கள். நீலானுக்கும் கடமானைப் போலவே கனத்த உடம்பு. 2019இல் அதே மாநிலத்தின் வைசாலி மாவட்டத்தில், சுடப்பட்டும் சாகாத ஒரு நீலானை மண்வாரி இயந்திரத்தால் குழியில் தள்ளி உயிரோடு மூடிய காட்சியை நாடே பார்த்தது. அந்த வீடியோவை என்னால் முழுக்கப் பார்க்க முடியவில்லை.

தமிழ்நாட்டில் 2025இல் காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று அறிவிப்பு வந்தது. விவசாயியின் கஷ்டம் எனக்குத் தெரியும், அறிவிப்பை எதிர்க்கவில்லை. நம் நாட்டில் எந்த மாநிலம் இப்படி ஓர் ஆணை போட்டாலும், எத்தனை கிலோமீட்டர் என்று எழுதுகிற அதே கண்டிப்போடு எந்தத் தோட்டா, குண்டின் எடை எவ்வளவு, எத்தனை கஜத்துக்கு மேல் சுடக்கூடாது, காயத்தோடு ஓடினால் எத்தனை பேர் எவ்வளவு நேரம் தேடிப் போக வேண்டும் என்பதையும் எழுத வேண்டும். கொலராடோ விதிப் புத்தகத்தை அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் தோட்டா பற்றிய பக்கங்களைத் தமிழில் எழுதி வனத்துறைக்கு அனுப்பப்போகிறேன்.