ரோட்டுக்கும் ஓய்வு வேண்டும்

கேள்வி: தார் ரோடு தன் விரிசலைத் தானே ஆற்றிக்கொள்ளுமாமே! அப்படியானால் கான்ட்ராக்டர்கள் கதி?

பதில்: கான்ட்ராக்டர்கள் நிம்மதியாக இருக்கலாம், மயிரிழை விரிசல்தான் ஆறும். தார் முழுத் திடப்பொருள் அல்ல. மிக மெதுவாக ஒழுகும் பண்டம். ஒரு லாரி போய் அடுத்தது வரும்வரை, கொஞ்சம் வெயிலும் இருந்தால், விரிசலின் இரு கரைகளும் இளகி ஒட்டிக்கொள்ளும். ஆய்வுக்கூடத்தில் ஓயாமல் அமுக்கப்பட்ட தார்க்கலவைத் துண்டு சீக்கிரம் உடைகிறது. நடுநடுவே ஓய்வு பெற்றது கூடுதலாகத் தாங்குகிறது. (நம் அலுவலகங்களுக்கு யாராவது இதைச் சொல்லுங்கள்.)

இந்த ஓய்வைக் கணக்கில் சேர்க்காவிட்டால் ரோட்டின் ஆயுளைக் குறைத்து மதிப்பிடுவோம். சேர்ப்பதுதான் தலைவலி. ஓய்வுக்குப் பின் துண்டின் விறைப்பு கூடினால், அது விரிசல் ஆறியதாலா, அல்லது சோதனையில் ஏறிய சூடு தணிந்ததாலா? ஆயுளைக் கணிக்கும் சூத்திரம் இரண்டையும் பிரித்துக் காட்டியாக வேண்டும்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தாருக்கு விரிசல் தானாக ஆறும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. தார்க்கலவையில் எஃகு இழைகளைச் சேர்த்து 2010-ல் ஏ58 நெடுஞ்சாலையில் ஒரு பகுதி போட்டார்கள். இன்டக்‌ஷன் அடுப்பின் அதே தத்துவம்: மேலே இயந்திரம் போனால் இழை சூடாகும், தார் இளகும், விரிசல் மூடும்.

எல்லாம் அளவான பாரத்துக்குத்தான். அச்சுப் பாரம் இருமடங்கானால் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு என்பது அமெரிக்காவின் இல்லினாயில் 1958 முதல் 1960 வரை லாரிகளை ஓட்டிக் கண்ட கணக்கு. கல்லே பெயர்ந்து குழியான இடத்தில் ஒட்டிக்கொள்ள என்ன மிச்சம் இருக்கிறது?