ஒரு கால்கடுதாசி

தலைநகரின் நடைபாதைகளைக் கட்டிக்காத்துவரும் மாண்புமிகு அதிகாரி அவர்களின் பொற்பாதங்களுக்கு (பாதம் என்று எழுதியது மரியாதைக்காக. தங்களுக்கு அவற்றால் ஆகவேண்டிய காரியம் அதிகம் இராது என்பதை அறிவேன்),

ஐயா,

தங்கள் பெயர் எனக்குத் தெரியாது. துறையும் தெரியாது. விசாரித்ததில், பிளாட்பாரத்தின் ஓரக்கல் ஒருவருக்கு, மேலே பதித்த கல் இன்னொருவருக்கு, நடுவில் நிற்கும் கரண்டுப் பெட்டி மூன்றாமவருக்கு, அடியில் ஓடும் கால்வாய் நாலாமவருக்கு என்றார்கள். "அப்ப நடக்கிறவன் யாருக்குப்பா?" என்று கேட்டேன். டீ மாஸ்டர் சிரித்துவிட்டு டம்ளரைக் கழுவப் போய்விட்டார். ஆகவே இந்தக் கடிதத்தை எவர் பிரித்தாலும் அவரே தாங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். என் தங்கையின் பேரன், எட்டு வயது, தென்காசியிலிருந்து லீவுக்கு வந்திருக்கிறான். மெட்ராஸில் என்னவெல்லாம் இருக்கிறது என்று கேட்டான். நான் வாய்க்கொழுப்பில், "சிலை, கோட்டை, சமாதி எல்லாம் ஒரே ரோட்ல இருக்குடா. நடந்தே பாத்துரலாம்" என்று சொல்லிவிட்டேன். தீவுத்திடலில் ஆரம்பித்துக் கலங்கரை விளக்கம் வரை. ஐந்தாறு கிலோமீட்டர்.

வழியில் ஒரு நினைவுச் சின்னம். எது என்று சொல்ல மாட்டேன், அந்தக் காவலர் பிழைத்துப் போகட்டும். வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே நீள நோட்டு. பெயர், ஊர், செல் நம்பர் எல்லாம் எழுதினேன். அடுத்த கட்டத்தில் 'வாகன எண்' என்றிருந்தது. ஒரு கோடு இழுத்தேன்.

"வண்டி நம்பர் போடுங்க சார்."

"வண்டி இல்லப்பா. நடந்து வந்தோம்."

"பார்க்கிங்லேருந்தா?"

"தீவுத்திடல்லேருந்து."

அவர் என்னைப் பார்க்கவில்லை. பையனைப் பார்த்தார், திருவிழாவில் தொலைந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல. "காலியா விட்டா ஆபீஸர் திட்டுவாரு சார். வந்த ஆட்டோ நம்பராவது சொல்லுங்க."

பின்னால் நின்றவர் கார்ச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே, "கொஞ்சம் சீக்கிரம்" என்றார். பையன் என் வேட்டியை இழுத்தான். "தாத்தா, நம்மள உள்ள விடமாட்டாங்களா?"

ஐயா, எனக்கு 62 வயது. இந்த ஊரில் நாற்பது வருஷமாக வரி கட்டுகிறேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கடைசியில் காவலரே பெருமூச்சு விட்டு, நோட்டைத் தன் பக்கம் திருப்பி, தன் டூவீலர் நம்பரை எழுதிக்கொண்டார். "என் வண்டில வந்ததா இருக்கட்டும் சார். போங்க."

அன்றிரவு முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. என்னிடம் இருப்பது ஒரு கால், இன்னொரு கால். காலும் காலும் அரை. இத்தனை வருஷமாக நான் ஒரு முழு ஆள் என்று நம்பி வந்தது என் கணக்குப் பிழை. பையனுக்கு எங்கேயும் அரை டிக்கெட். அரையில் அரை, கால். ஆக நாங்கள் இருவரும் சேர்ந்து முக்கால். காவலர் அமர்ந்திருந்தது முக்காலி. சமநிலையில் இருப்பவர்களுக்குள் வரும் இரக்கம் அது. தாங்கள் அமர்ந்திருப்பதோ நாற்காலி. நாலு கால் சேர்ந்தால் ஒன்று. தாங்கள் பூரணம். முன்பு காளமேகப் புலவர் இதே காலையும் அரையையும் வைத்துக் காஞ்சிபுரத்துச் சாமிக்கு ஒரு வெண்பா பாடினார். இன்றிருந்தால் தங்களைத்தான் பாடியிருப்பார்.

இந்தக் கணக்கு பிடிபட்டதும், அன்று பார்த்ததெல்லாம் ஒழுங்காகப் பொருந்தி வந்தது. முதலில் மன்றோ. 1827-ல் காலராவில் இறந்த ஆளுநர். இங்கிலாந்தில் சாண்ட்ரி செய்த சிலை. 1839 முதல் தீவுத்திடலருகேதான் நிற்கிறது. குதிரைக்குச் சேணமும் இல்லை, கால் வைக்க அங்கவடியும் இல்லை என்று ஊரே தலைமுறை தலைமுறையாகக் கேலி பேசுகிறது. நான் பேச மாட்டேன். குதிரைக்கு நாலு கால், அது ஒன்று. மன்றோவுக்கு இரண்டு கால், அது அரை. மொத்தம் ஒன்றரை! அப்பேர்ப்பட்டவரை அரையும் காலும் கிட்டே போய்ப் பார்க்க முடியாதபடி, நாலு பக்கமும் வண்டிகளை ஓடவிட்டு நடுவில் வைத்திருக்கிறீர்கள். சாலைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். "குதிர அழகா இருக்கு தாத்தா" என்றான் பையன். மன்றோ பஸ்ஸுக்குப் பின்னால் மறைந்திருந்தார்.

பிறகு கோட்டை, போர் நினைவுச் சின்னம், நேப்பியர் பாலம். வழியெல்லாம் தங்கள் பிளாட்பாரத்தில் நடந்தோம் என்று சொல்ல ஆசை. ஏறினோம், இறங்கினோம் என்பதே சரி. நடைபாதையின் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்று இந்திய சாலைக் காங்கிரஸ் அளவு வகுத்திருக்கிறது. ஓரிடத்தில் உயரம் என் முழங்கால் வரை வந்தது. மக்களுக்கு உடற்பயிற்சி தர வேண்டும் என்ற தங்கள் தாயுள்ளத்தை எண்ணிக்கொண்டே ஏறினேன். அகலத்திலும் குறை சொல்ல மாட்டேன். என் மருமகனின் காரும் ஏறக்குறைய 1.8 மீட்டர்தான். அப்படியே கச்சிதமாக நிறுத்துகிறார். பார்வையற்றவர்களுக்கு வழிகாட்ட மஞ்சள் புடைப்புக் கல் பதித்திருக்கிறீர்கள். பையன் அதன்மேலேயே ஒரு காலை முன்னால் ஒரு காலைப் பின்னால் வைத்து விளையாடிக்கொண்டு போனான். அது அவனை நேராக ஒரு கரண்டுப் பெட்டியிடம் கொண்டுபோய் விட்டது.

அடுத்து தலைவர்களின் நினைவிடங்கள். அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கலைஞர். 1969-லிருந்து ஒவ்வொருவராக வந்து சேர்ந்த வரிசை. கூட்டத்தோடு போய்விட்டு வந்தோம். ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். உள்ளே பாதை என்றால் பாதை. வழவழவென்று கல், பள்ளமில்லை, பைக் இல்லை, பெட்டி இல்லை. இந்தத் தலைநகரில் தடுக்கிவிழாமல் நூறு அடி நடக்கவேண்டுமென்றால் அதற்கு முதலமைச்சராக இருந்து காலமாக வேண்டும் போலிருக்கிறது. அரை ஆளுக்கு அது கொஞ்சம் தூரம்.

உழைப்பாளர் சிலையருகே சற்று உட்கார்ந்தோம். 1923-ல் சிங்காரவேலர் நாட்டின் முதல் மே தினத்தைக் கொண்டாடிய கடற்கரை இது என்று பையனுக்குச் சொன்னேன். அவன் கால்களை எண்ணிக்கொண்டிருந்தான். நாலு பேர், எட்டுக் கால், அதாவது இரண்டு முழு ஆள். தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1959-ல் அவர்களை அங்கே நிறுத்தினார். அன்றிலிருந்து அந்தப் பாறையை நெம்புகிறார்கள், ஓர் அங்குலம் நகரவில்லை. நான் தங்கள் அலுவலகத்துக்கு எழுதிய மனுக்களை நினைத்துக்கொண்டேன்.

இதற்குமேல்தான் சாலையைக் கடந்தோம். எந்த இடம் என்று சொன்னால் நாளைக்கே அங்கே வேலி போட்டு மூடிவிடுவீர்கள், ஆகவே சொல்லவில்லை. பச்சை மனிதன் எரிந்தான். இறங்கினோம். பாதிச் சாலையைத் தாண்டவில்லை, சிவப்பாகிவிட்டது. இரண்டு பக்கமும் வண்டிகள் உறுமுகின்றன. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. பையனின் கை என் கைக்குள் வியர்த்தது. ஒரு பைக் அவன் சட்டையை உரசிக்கொண்டு போனது. எட்டு வயது, ஐயா. சிலை பார்க்க வந்த பிள்ளை. அவன் அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்? யார் நொடிகளை எண்ணி அந்த விளக்கில் வைத்தது? அவர் ஒருநாளாவது, ஒரே ஒருநாள், ஒரு கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சாலையைக் கடந்து பார்த்திருக்கிறாரா? நாங்கள் என்ன, வண்டிகள் ஓடாத நேரத்தில் மட்டும் உயிரோடிருக்க அனுமதி பெற்றவர்களா?

மன்னிக்கவும். தங்கள் மேசைக்கு இந்தக் குரல் பொருந்தாது. அரை ஆள் முழுக் கோபம் படுவது கணக்குக்கும் ஒத்துவராது.

தங்கள் சாதனைகளை நான் மறந்தவனல்ல. இந்நகரத்துக்கு 2014-லேயே மோட்டாரில்லாப் போக்குவரத்துக் கொள்கை என்று ஒன்று வந்தது. பாண்டி பஜாரில் 2019-ல் நடப்பவர்களுக்கென்றே அகலப் பாதை திறந்தீர்கள். நானும் போய்ப் பார்த்தேன், ஆட்டோவில். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், தடையில்லாத நடைபாதை அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று சொன்னது. அந்தத் தீர்ப்பு டெல்லியிலிருந்து நடந்து வருகிறது போலும். வழியில் பிளாட்பாரம் சரியில்லாமலிருக்கலாம்.

சிலைகளுக்கே இந்தச் சாலை சுலபமாக இருந்ததில்லை என்பதும் எனக்குத் தெரியும். கண்ணகியை எடுத்துக்கொள்ளுங்கள். புகாரிலிருந்து மதுரைவரை நடந்தே போனவள். 1968 உலகத் தமிழ் மாநாட்டுக்காக இங்கே வந்து நின்றாள். 2001 டிசம்பரில் காணோம். 2006-ல்தான் திரும்பி வந்தாள். சிவாஜி கணேசன் சிலையும் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று 2017-ல் அடையாறுக்குப் போய்விட்டது. வெண்கலத்தில் வார்த்த சிவாஜியே இடைஞ்சல் என்றால், மளிகைக் கடைக் கணக்கெழுதிய நான் எம்மாத்திரம்?

ஐஸ் ஹவுஸைத் தாண்டும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. 1840-களில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் ஐஸ் கட்டிகள் கடல் தாண்டி அந்தக் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தன. அவற்றுக்கு வாய்த்த சொகுசு எங்களுக்கு வாய்க்கவில்லை. நாங்கள் உழைப்பாளர் சிலையிலிருந்து வந்து சேர்வதற்குள் பாதி உருகிவிட்டோம்.

காந்தி சிலைக்கு வந்தபோது பையன் உட்கார்ந்தே விட்டான். அதுவும் ராய் சௌத்ரி செய்ததுதான். கையில் தடி, ஒரு காலை எடுத்து வைத்து நடக்கிற கோலம். இரண்டு கால், ஒரு தடி. ஆக மகாத்மாவே முக்கால்தான் ஐயா. 1930-ல் தண்டிக்கு 385 கிலோமீட்டரை 24 நாளில் நடந்தார். பாவம், அவருக்கு எதிரி வெள்ளைக்காரன் மட்டும்தான். வழியில் தங்கள் பிளாட்பாரம் இல்லை. இருந்திருந்தால் உப்புக்கு இன்னும் வரி கட்டிக்கொண்டிருப்போம். மெட்ரோ வேலைக்காக அவரையும் கொஞ்சம் தள்ளி வைத்தார்கள். நடக்கிற காந்தியை நகர்த்துவதற்குக் கிரேன் வந்தது.

இந்தக் கடற்கரையில் உலாவப் பாதை போட்டு, மெரினா என்று பெயரும் வைத்தவர் கிராண்ட் டஃப் என்ற ஆளுநர், 1880-களில். ஜனங்கள் சாயங்காலக் காற்றில் காலாற நடக்கட்டும் என்று நினைத்தாராம். காலாற! வெள்ளைக்காரருக்குத் தமிழ்க் கணக்கு தெரியாது.

கடைசியில் கலங்கரை விளக்கம். உச்சிக்குப் போக லிஃப்ட் இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் தலைநகரம் அற்புதம், மனிதர்களே தெரியவில்லை. தாங்கள் எங்கிருந்து திட்டமிடுகிறீர்கள் என்பது அப்போது புரிந்தது.

ஆகவே ஐயா, யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். நாற்பது வருஷம் விசுவாசமாகப் பார்த்துவந்த பாதசாரி உத்தியோகத்திலிருந்து, வரும் ஒன்றாம் தேதி முதல் என்னை விடுவிக்க வேண்டுகிறேன். இதையே என் கால்கடுதாசியாக ஏற்றுக்கொள்ளவும். வார் அறுந்த செருப்பு ஒரு ஜோடி, காற்றில் மடிந்த குடை ஒன்று, பாதி தீர்ந்த தைலப் புட்டி ஒன்று ஆகியவற்றை ஒப்படைக்கத் தயாராக இருக்கிறேன். ஓய்வூதியம் கேட்கவில்லை. எனக்கு அடுத்து இந்தப் பதவிக்கு அந்தப் பையனைச் சிபாரிசு செய்யலாமா என்று யோசித்தேன். அவனைக் கேட்டேன். "பைக் வாங்கித் தா தாத்தா" என்கிறான்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
அரை

பின்குறிப்பு: அந்த நினைவுச் சின்னத்தில் உள்ளே போகிற வழி வேறு, வெளியே வருகிற வழி வேறு. வெளிவாசலில் நோட்டும் இல்லை, ஆளும் இல்லை. அதனால் 'வெளியேறிய நேரம்' என்ற கட்டத்தில் நான் எதுவும் எழுதவில்லை. தங்கள் பதிவேட்டின்படி ஒரு கிழவனும் ஒரு சிறுவனும் இன்னும் அந்த நினைவிடத்துக்குள்ளேதான் இருக்கிறோம், அந்தக் காவலரின் வண்டியோடு. எங்களை அப்படியே விட்டுவிடலாம், பாதகமில்லை. வண்டியை மட்டும் தயவுசெய்து விடுவிக்கவும். அவருக்கு வீடு ரொம்ப தூரமாம்.