வாயத் தொறக்காம போயிட்டு வா, மாப்ள

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குக் கெளம்பிட்டியாக்கும்? போயிட்டு வா மாப்ள, யாரு வேணாங்குறா. ஆனா கருத்த மட்டும் கையோட கொண்டு போயிராத. வெறுங்கையா போகணும், வருகைப் பதிவுல கையெழுத்துப் போடணும், குடுக்குற வடையத் தின்னுட்டு வந்துரணும். நீபாட்டுக்கு எதையாச்சும் கேட்டு வச்சா அந்த ஆபீசரு ஒனக்குப் பதில் தேடி அலையணும். பாவம், பிள்ளகுட்டிக்காரரு.

கருத்துக் கேக்குறதுன்னா என்னன்னு நீ நெனச்ச? நம்ம கோயில்ல கெடா தலையில தண்ணி தெளிச்சிட்டு, அது ஒதறுற வரைக்கும் பாத்துக்கிட்டு நிப்போம்ல, அதேதான். ஒதறிருச்சுன்னா சம்மதம். கடைசி வரைக்கும் ஒதறாத கெடாவ நான் இன்னும் பாக்கல.

நம்ம கிராம சபையவே எடுத்துக்க. முன்னயெல்லாம் வருசத்துக்கு நாலு: குடியரசு நாளு, மே நாளு, சுதந்திர நாளு, காந்தி ஜெயந்தி. 2022-ல மார்ச் 22, நவம்பர் 1 ரெண்டையும் சேத்து ஆறாக்கிட்டாய்ங்க. 500 பேருக்குள்ள இருக்குற ஊருன்னா 50 பேரு வரணும். 3,000 வரைக்கும் 100, பத்தாயிரம் வரைக்கும் 200, அதுக்கு மேல போனா 300. இந்தக் கணக்க எப்படி நெரப்புறதுன்னு கவலப்பட வேணாம். நூறு நாள் வேலைக்கு வந்த பொம்பளையாளுகள அப்பிடியே கூட்டியாந்து வேப்ப மரத்தடியில ஒக்கார வச்சாச் சோலி முடிஞ்சது. சுத்துக்கு வர்ற காயிதத்துல பேருக்கு நேரா கையெழுத்துப் போடு. மேல ஏன் வெள்ளையா கெடக்குதுன்னு கேட்டுறாத. எழுதாத காயிதத்துலதான் தீர்மானம் நல்லா வரும். 2019 டிசம்பர்ல ஓட்டுப் போட்டு நாம வச்ச தலைவருகளுக்கு 2025 ஜனவரி 5-ஓட காலம் முடிஞ்சுது. பொறகு தனி அலுவலரு வந்தாரு. அவர வையலாம்னு பாத்தா அடுத்த எலெக்‌ஷன்ல தோக்கடிக்கவும் முடியாது.

வீட்டுப் பட்டியல் வாசிக்கிறப்ப மட்டும் கண்ண மூடித் தூங்கிரு. அதுதான் ஆபத்தான எடம். பிரதமர் வீட்டுத் திட்டம் 2016-ல வந்துச்சு. ஆனா ஆளு எடுத்தது 2011 கணக்கெடுப்புலருந்து. அன்னைக்கு ஓட்டு வீட்டுல தொட்டில்ல கெடந்த புள்ள இன்னைக்கு மீசை மொளச்சு நிக்கிறான். கூரை எப்பிடி இருக்கு, செவரு மண்ணா செங்கலா, எத்தன அறைன்னு பாத்து வரிசை போட்டு வச்சிருப்பாய்ங்க. அந்த வரிசையச் சரி பாக்குற அதிகாரமும், தகுதியில்லாத பேர அடிக்கிற அதிகாரமும் கிராம சபைக்கு இருக்கு. இந்த ரகசியத்த ஊருக்குள்ள சொல்லிறாத.

ஏன்னா சொன்னாலும் கை தூக்க மாட்டான் மாப்ள. மச்சு வீட்டுக்காரன் பேரு பட்டியல்ல இருக்குன்னு நம்ம சனத்துக்குத் தெரியாதாக்கும்? எல்லாருக்கும் தெரியும். ஆனா கையத் தூக்குனா மறுநாளு அவன் டிராக்டரு ஒன் வயலுக்கு வராது. அவன் கெணத்துத் தண்ணி ஒன் வரப்போட நின்னுரும். ஒம்மக கல்யாணத்துக்குக் கைமாத்துக் கேக்க எந்த வாசலுக்குப் போவ? சனங்க பங்கெடுக்க மாட்டேங்குறாக, விழிப்புணர்வு பத்தலன்னு சொல்லி ஆபீசருங்க பயிற்சி நடத்துறாக, டீ குடுக்குறாக, பேனா குடுக்குறாக. விழிப்பெல்லாம் நெறையத்தான் இருக்கு. கடனும் கூடவே இருக்கு.

பட்டியல்ல பேரு வந்தவன் பாடும் லேசுப்பட்டதில்ல. டெல்லித் திட்டத்துல வீட்டுக்கு 1.20 லட்சம், அதுக்கு மேல கான்கிரீட்டுக்கு நம்ம சர்க்காரு கொஞ்சம். 2024-ல கலைஞரின் கனவு இல்லம்னு வந்துச்சு: 360 சதுர அடி, 3.50 லட்சம், 2030-க்குள்ள 8 லட்சம் வீடு. நல்ல திட்டம்தான், கொறை சொல்ல வரல. ஆனா மனைக்குப் பட்டா வேணும். தாத்தன் காலத்துலருந்து கண்மாய்ப் புறம்போக்குல குடிசை போட்டிருக்கவனுக்குக் கனவு மட்டும்தான், இல்லம் பொறகு.

நகரத்துக்காரன் நம்மளவிட வெவரம்னு நெனச்சிறாத. அதிகாரத்த உள்ளூருக்குக் குடுங்கன்னு அரசியல் சட்டத்துல 74-ஆவது திருத்தம் அமலானது 1993-ல. தெருக்காரன ஒக்கார வச்சுப் பேசுற பகுதி சபை இங்க மொதமொதல்ல கூடுனது 2022 நவம்பர் 1. இருவத்தொம்பது வருசம். மதுரையில வார்டு நூறு ஆனதே 2011-லதான். அவசரப்பட்டா காரியம் கெட்டுருமுல்ல?

இப்ப நீ போற கூட்டத்துக்கு வருவோம். மாஸ்டர் பிளான். செவரு நெறையப் படம் தொங்கும். மஞ்சன்னா குடியிருப்பு, பச்சன்னா வெவசாயம். ஒன் வயலு என்ன கலருல இருக்குன்னு கிட்டப் போயிப் பாக்காத, மனசு ஒடஞ்சிரும். 1971-ஆம் வருசத்து நகர், ஊரமைப்புச் சட்டப்படி ஆட்சேபணை குடுக்கக் கொறஞ்சது ரெண்டு மாசம் தரணும். தர்றாய்ங்க. அறிவிப்பு பேப்பருல எந்த மூலையில, எந்தப் பக்கத்துல வருதுங்கறத ஒன் சாமர்த்தியத்துக்கு விட்டுருவாய்ங்க.

தண்ணிகூட ஆட்சேபணை குடுக்கத்தான் செய்யுது. மதுரை தல்லாகுளத்துல குளம் எங்க? பீபிகுளத்துல எங்க? உலகனேரியில 2004-லருந்து ஹைக்கோர்ட்டுக் கிளை. 2024 அக்டோபர் மழையில செல்லூருப் பக்கம் கண்மாய்த் தண்ணி தெருவுக்கே வந்து மனுக் குடுத்துச்சு. கெடு தாண்டி வந்துருச்சு, அவ்வளவுதான்.

இந்த மதுரை எப்பவுமே சனத்த ஒதுக்கி வச்சே நடந்துச்சுன்னு நெனச்சிறாத. ஜவுளி எடுக்கப் போறப்ப பாப்பியே விளக்குத்தூண், அது பிளாக்பர்ன்னு ஒரு வெள்ளக்காரக் கலெக்டருக்கு ஊரு சனம் வச்சது. 1840-கள்ல நாயக்கர் கோட்டை மதில இடிக்கணும், அகழியத் தூத்து மூடணும். கையில துட்டு இல்ல. இடிச்சுத் தூத்தவனுக்கே மனைன்னுட்டாருன்னு சொல்லுவாக. கடப்பாரை எறங்கிருச்சு. மதிலு நின்ன எடத்துல வெளி வீதி, மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதின்னு தெரு மொளச்சுது. மாரட் அளந்தவரு, பெருமாள் வேலை பாத்த மேஸ்திரி. தெருவுக்கு மந்திரி பேரு வைக்கிறதுக்கு முந்தி மேஸ்திரி பேரு வச்ச ஊரு இது. அந்தத் துரை தர்மவான்னு சொல்ல வரல, செலவ மிச்சம் புடிச்சாரு. ஆனா யாரு வீடு கட்டப் போறானோ அவன் கையில வேலையக் குடுத்தாரு. மிச்சமிருக்குற மேலவாசக் கொத்தளத்த பெரியார் பஸ் ஸ்டாண்டுகிட்ட எறங்குனா இன்னைக்கும் பாக்கலாம்.

சிலோன்லயும் இதே கததான். 1978-ல சர்க்காரே ஒரு லட்சம் வீடு கட்டித் தாரேன்னு எறங்குச்சு. 1984-ல அங்க பிரதமரா இருந்த பிரேமதாசா பாத்தாரு, பத்து லட்சம் வீடுன்னு பேரு வச்சு, சனத்துக்குச் சின்னக் கடனக் குடுத்து, நீயே பிளானப் போட்டு நீயே கட்டிக்கன்னு விட்டாரு. அவருக்கு ரொம்ப முன்னாடியே, 1914, 15 வாக்குல, பாட்ரிக் கெடிஸ்னு ஊரமைப்புத் தெரிஞ்ச ஒரு ஸ்காட்லாந்துக்காரரு மதுரைக்கும் வந்து அறிக்கை எழுதுனாரு. ரோட்ட அகலமாக்குறேன்னு வீடுகள இடிச்சா, இடிபட்டவன் அடுத்த தெருவுல போயி நெரிசலக் கூட்டுவான்னு அவரு ஊரூராச் சொல்லிப் பாத்தாரு. நாம என்ன செஞ்சோம்? 1970-ல குடிசை மாற்று வாரியம்னு வச்சத 2021-ல நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்னு மாத்துனோம். போர்டு எழுதுறவருக்கு ரெண்டு நாள் சோறு. மதுரைக்கு வெளிய ராஜாக்கூர்ல அடுக்குமாடி எந்திரிச்சுச்சு. கீழ மாசி வீதியில மூட்டை தூக்குறவனுக்கு ராத்திரிக் கடைசி பஸ்ஸு எத்தன மணிக்குன்னு படம் வரையிறப்பவே கேட்டிருந்தா ஒரு நாள் வேலைதான் மாப்ள.

அதனால சொல்றேன், கீழ சொல்றதையெல்லாம் செஞ்சிறாத. ஒன் நெலத்துச் சர்வே நம்பர எழுதிக்கிட்டுப் போயிறாத. படத்துல அந்த நம்பரத் தேடி வெரல வச்சு, இது என்ன கலருன்னு கேட்டுறாத. தீர்மானத்தச் சத்தமா வாசிச்ச பொறகுதான் கையெழுத்துன்னு நிக்காத. மனுவ ரெண்டு பிரதியா எழுதி, ஒண்ணுல சீலு வாங்கி மடியில வச்சுக்காத. அடுத்த கிராம சபையில பொம்பளைகள முன்வரிசையில ஒக்கார வச்சு, ஊரே ஒண்ணாக் கையத் தூக்குனா எவன் டிராக்டர நிறுத்துவான்னு கணக்குப் போடாத. ஒருத்தன் தூக்குனா நிறுத்துவான். நூறு பேரு தூக்குனா அவன் டிராக்டருக்கே வாடகை கெடைக்காது.

அப்புறம், சீல் அடிக்கிற கிளார்க்கு மத்தியானம் ரெண்டு மணிக்குச் சாப்பிடப் போனா மூணரைக்குத்தான் வருவாரு. பத்து மணிக்கே போயிரு. பேனா நம்மளதக் கொண்டு போ, அங்க இருக்குறதக் கயித்துல கட்டிப் போட்டிருப்பாய்ங்க, மைதான் இருக்காது.