ஒட்டாத தாமரை

குத்தாலத்து வீட்டில் பாட்டி காலத்து ரெட் ஆக்சைடு தரையைப் பெயர்த்துப் பளபள டைல்ஸ் போட்டோம். கோலமாவு நிற்கவில்லை, ஃபேனைப் போட்டால் மயில் பறந்தது. சரியென்று எனாமல் பெயிண்டில் தாமரை வரைந்தேன். மூன்று நாள் எல்லோரும் சுவரோரமாகவே நடந்தோம். நான்காம் நாள் ஈரத்துணி பட்டதும் இதழொன்று அப்பளம்போல் உரிந்தது.

"மேல இருக்கறது கண்ணாடிப் பூச்சு தம்பி. உப்புத்தாள் போட்டுத் தேச்சு, பிரைமர் அடிச்சுல்ல பூசணும்" என்றார் பெயிண்டர், எல்லாம் முடிந்த பிறகு.

ஆத்தங்குடி டைல்ஸ் செய்பவர்கள் விவரமானவர்கள். அவர்களும் கண்ணாடிமேல்தான் வண்ணச் சிமெண்டை ஊற்றுகிறார்கள். ஆனால் காய்ந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிடுகிறார்கள்.

தாமரைமேல் இப்போது கோரைப்பாய். வருகிறவர்களை அதிலேயே உட்காரவைத்து, எழுந்திருக்க விடாமல் காபி கொடுக்கிறோம்.