மண்குடம், பொன்குடம்

மாமியாரிடம் படாத பாடு பட்ட மருமகள், தான் மாமியாரானதும் அதே பாட்டை அடுத்தவளுக்குப் படுத்துவது நம் ஊர் மெகா சீரியல்களின் தனிச்சொத்து என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இதையே முப்பது வருடம் இழுத்து, கோர்ட், கேஸ், கல்யாணம், துரோகம் எல்லாம் சேர்த்து நடத்திக்காட்டியது சோனி கம்பெனி.

முதல் எபிசோடு 1975. டிவியில் ஓடுவதைக் கேசட்டில் பிடித்துவைத்து, சாவகாசமாகப் பார்க்க உதவும் பீட்டாமேக்ஸ் பெட்டியைச் சோனி சந்தைக்குக் கொண்டுவந்தது. கொலம்போவைப் பார்ப்பதற்காக இனிமேல் கோஜாக்கை இழக்க வேண்டாம் என்று ஒரு விளம்பரம். இரண்டும் யூனிவர்சல் ஸ்டூடியோ தயாரித்த தொடர்கள். ஊரில் வேறு நிகழ்ச்சியே இல்லாத மாதிரி, சரியாக அந்த இரண்டையும் பொறுக்கியிருந்தார்கள்.

1976-ல் சோனியின் அகியோ மோரிடா நியூயார்க்கில் யூனிவர்சலின் பெரிய தலைகளோடு பேசப் போனார். பேச்சு வேறொரு வியாபாரம் பற்றியது, வீடியோ டிஸ்க். ராத்திரிச் சாப்பாடு முடிகிற நேரத்தில், அந்தப் பெட்டி விஷயமாக உங்கள் மேல் கேஸ் போடப் போகிறோம் என்றார்கள். மோரிடாவால் நம்ப முடியவில்லை. ஒரு கையால் கைகுலுக்கிக்கொண்டே இன்னொரு கையால் அடிப்பது ஜப்பானில் வழக்கமில்லை என்று சொன்னதாகக் கதை. அமெரிக்காவில் அந்த இன்னொரு கைக்கு மணிக்கணக்கில் ஃபீஸ் வாங்குவார்கள் என்பதை அடுத்த எட்டு வருடத்தில் கற்றுக்கொண்டார்.

டிஸ்னியும் கேஸில் சேர்ந்துகொண்டது. வீட்டில் உட்கார்ந்து பதிவு செய்கிற சாமானியர் ஒருவரும் பிரதிவாதியாக இருந்தால் கேஸுக்கு எடுப்பாக இருக்கும். தேடிப் பிடித்தார்கள். அவர் யூனிவர்சல் வக்கீல்களின் சொந்தக் கட்சிக்காரர்! நஷ்டஈடு கேட்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்து, சம்மதம் வாங்கி, அப்புறம் அவர் மேல் வழக்குத் தொடுத்தார்கள். குற்றவாளிக்கு இவ்வளவு மரியாதை வேறெங்கும் கிடைத்திருக்காது.

கீழ்க்கோர்ட்டில் சோனி ஜெயித்தது, மேல்கோர்ட்டில் தோற்றது. நடுவில் 1982-ல் ஹாலிவுட் ஸ்டூடியோக்களின் சங்கத் தலைவர் ஜாக் வலென்டி அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார். வீட்டில் தனியாக இருக்கிற பெண்ணுக்கு பாஸ்டன் நகரத்துக் கழுத்தை நெரிக்கும் கொலைகாரன் எப்படியோ, அமெரிக்க சினிமாவுக்கு விசிஆர் அப்படி என்றார். மணியைக்கூடச் சரியாகக் காட்டாமல் பன்னிரண்டிலேயே மினுக்கிக்கொண்டிருந்த ஒரு பெட்டியைப் பற்றிய பேச்சு இது.

1984 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சோனி பக்கம் சாய்ந்தது. குழந்தைகள் நிகழ்ச்சி நடத்திய ஃப்ரெட் ரோஜர்ஸ், என் நிகழ்ச்சியைக் குடும்பங்கள் பதிவு செய்து பார்த்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை என்று சொன்ன சாட்சியம் தீர்ப்பிலேயே இடம்பெற்றது. ஒரே ஒரு நீதிபதி மாற்றிப் போட்டிருந்தால் ஜனங்களின் வரவேற்பறையில் பாதி சட்டவிரோதம். கழுத்தை நெரிக்க வந்தவனோ சில வருடங்களில் தியேட்டர் வசூலைவிட அதிகமாக ஹாலிவுட்டுக்குச் சம்பாதித்துக் கொடுத்தான். பாவம், சோனிக்குத்தான் அதில் பெரிய பங்கில்லை. கோர்ட்டில் ஜெயித்த பீட்டாமேக்ஸ் கடையில் போட்டிக் கேசட்டான விஎச்எஸ்ஸிடம் தோற்றது. 1988-ல் சோனியே விஎச்எஸ் பெட்டி தயாரிக்க ஆரம்பித்தது.

இதற்குள் டேட் என்ற டிஜிட்டல் கேசட் வந்துவிட்டது. சிடிக்குச் சமமான தரத்தில் நகல் எடுக்கலாம் என்றதும் இசைக் கம்பெனிகளுக்கு வயிற்றைக் கலக்கியது. சிபிஎஸ் ரெக்கார்ட்ஸ் 'காப்பிகோட்' என்றொரு வைத்தியம் கண்டுபிடித்தது. பாட்டில் 3,838 ஹெர்ட்ஸ் இருக்கும் இடத்தில் ஒலியை மெல்லிசாகச் சீவி எடுத்துவிடுவது. பதிவுக் கருவி அந்த ஓட்டையைக் கண்டால் பதிய மறுக்கும். பியானோவின் வலது கோடியில் இரண்டு கட்டைகளுக்கு நடுவே விழுகிற இடம் அது. பாட்டைக் காப்பாற்றப் பாட்டிலேயே ஓட்டை போடும் யோசனை ஓர் இசைக் கம்பெனியிலிருந்து, அதுவும் பெருமையோடு, வெளியே வந்தது. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனம் 1988-ல் சோதித்துப் பார்த்தது. ஓட்டை காதில் விழுகிறது, பூட்டை ஏமாற்றுவதும் சுலபம் என்று அறிக்கை கொடுத்தது.

அந்த சிபிஎஸ் ரெக்கார்ட்ஸை அதே 1988-ல் 200 கோடி டாலருக்கு வாங்கியது யார் என்று நினைக்கிறீர்கள்? மறு வருடம் கொலம்பியா பிக்சர்ஸையும் 340 கோடி டாலருக்கு வாங்கிப் போட்டது சோனி. மருமகள் கையில் கொத்துச்சாவி வந்தாகிவிட்டது.

மற்ற பூட்டுக்காரர்களும் சும்மா இல்லை. 1985 முதல் வீடியோ கேசட்டுகளில் மேக்ரோவிஷன் புகுந்தது. திரையில் தெரியாத மேல் வரிகளில் பொய்யான மின்துடிப்புகளைச் செருகுவார்கள். விசிஆர் அதைப் பார்த்து, ஐயோ வெளிச்சம் கூடிவிட்டதே என்று படத்தை மங்கலாக்கும், பிறகு பதறிப்போய் ஏற்றும். பிறகு வந்த டிவிடியிலும் இதே வித்தை. திருடனுக்கு வைத்த இந்த வைத்தியத்தை அனுபவித்தவர் யாரென்றால், புது டிவிடி பிளேயர் வாங்கிய குடும்பத் தலைவர். அவருடைய பழைய டிவிக்கு ஆன்டெனா துளை மட்டும்தான் உண்டு. அதனால் பிளேயரை விசிஆர் வழியாக இணைத்தார். கதாநாயகி அழ ஆரம்பித்தால் சூரிய கிரகணம், சிரித்தால் விடியற்காலை. நகல் எடுக்கும் எண்ணமே அந்த மனிதருக்கு இல்லை. ஒயர் குறைவு, அவ்வளவுதான்.

டிவிடி வந்தபோது உலகத்தை மண்டலங்களாகக் கூறு போட்டார்கள். அமெரிக்காவில் வெளியான படம் மற்ற ஊர்த் தியேட்டர்களுக்குப் போய்ச்சேரும் முன்பே டிவிடியாகப் பறந்துவிடக் கூடாதாம். உலகத் தமிழர் ஒற்றுமை பற்றி எத்தனை மாநாடு நடத்தினாலும் அந்தக் கணக்கில் சென்னையும் யாழ்ப்பாணமும் 5, சிங்கப்பூர் 3, லண்டன் 2, டொராண்டோ 1, சிட்னி 4. கணினியில் மண்டலத்தை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஐந்தே தடவை. அதற்குப் பிறகு அந்த டிரைவ் எந்த நாட்டில் நிற்கிறதோ அந்த நாட்டுக் குடிமகன். பர்மா பஜாரில் விற்ற திருட்டுத் தட்டுக்கு மண்டலமும் கிடையாது, தாண்ட முடியாத எச்சரிக்கைப் பலகையும் கிடையாது. போட்டால் படம் ஓடும்.

2009-ல் அதிபர் ஒபாமா, பிரிட்டிஷ் பிரதமர் கோர்டன் பிரவுனுக்கு 25 அமெரிக்கப் படங்களை டிவிடியாகப் பரிசளித்தார். ஊருக்குப் போய்ப் பிரதமர் போட்டுப் பார்த்தால் தவறான மண்டலம் என்று திரை சொன்னதாக லண்டன் பத்திரிகைகள் எழுதின. அணு ஆயுதம் வைத்திருக்கிற இரண்டு அரசுகளுக்கு நடுவே ஒரு படத்தட்டு கைமாறி ஓடவில்லை.

நார்வேயில் யோன் யோஹான்சன் என்ற 15 வயதுப் பையனுக்கு இந்தக் கௌரவங்கள் எதுவும் தெரியாது. லினக்ஸ் கணினியில் டிவிடி பார்க்க வழியில்லை என்பதால், 1999-ல் முகம் தெரியாத இரண்டு பேரோடு சேர்ந்து டிவிடியின் பூட்டை உடைக்கும் நிரலை வெளியிட்டான். போலீஸ் வீட்டுக்கு வந்தது. வழக்கு நடந்து, 2003-ல் இரண்டு கோர்ட்டுகளும் அவனை விடுவித்தன. காசு கொடுத்து வாங்கிய தட்டைப் பார்ப்பது குற்றமாகாது என்றன. இந்தப் பையனை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் இவனுக்கு இன்னொரு காட்சி பாக்கி இருக்கிறது.

சோனி இப்போது முழு மாமியார். வாக்மேனைக் கண்டுபிடித்த கம்பெனி 1999-ல் வெளியிட்ட டிஜிட்டல் வாக்மேனுக்கு எம்பி3 பாடத் தெரியாது. உங்களிடம் உள்ள பாட்டைச் சோனியின் சொந்த வடிவத்துக்கு மாற்றி, பூட்டி, பிறகு ஏற்ற வேண்டும். ஒரு பாட்டை மூன்று தடவைதான் வெளியே எடுக்கலாம். நான்காவது தேவையென்றால் பழைய கருவியைக் கணினியோடு இணைத்து, பாட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். 2001-ல் வந்த நெட்எம்டி மினிடிஸ்க் இன்னும் விசேஷம். மைக் வைத்துப் பாட்டியின் தாலாட்டைப் பதிவு செய்தாலும் யுஎஸ்பி வழியாக அதைக் கணினிக்குக் கொண்டுபோக முடியாது. பாட்டி எந்த கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறாள் என்று யாருக்குத் தெரியும்? அதே வருடம் ஆப்பிளின் ஐபாட் வந்தது. மிச்சத்தைச் சொல்ல வேண்டாம்.

சிடி பக்கம் வருவோம். 2002-ல் ஐரோப்பாவில் செலின் டியான் ஆல்பத்தைச் சோனி பூட்டு போட்டு விற்றது. கணினியில் போட்டால் ஓடாது, சில மேக் கணினிகளுக்குள் போன தட்டு வெளியே வரவும் மறுத்தது. பல லட்சம் செலவில் உருவான அந்தப் பூட்டை உடைக்க வேண்டிய ஆயுதத்தை ஜனங்கள் கண்டுபிடித்தார்கள்: கறுப்பு மார்க்கர் பேனா. தட்டின் ஓரத்தைச் சுற்றி ஒரு கோடு இழுத்தால் போதும். மறு வருடம் பிஎம்ஜி கம்பெனி வேறொரு பூட்டைக் கொண்டுவந்தது. தட்டைப் போடும்போது ஷிஃப்ட் கீயை அமுக்கிப் பிடித்தால் பூட்டு விழிக்கவே விழிக்காது என்று பிரின்ஸ்டன் ஆராய்ச்சி மாணவர் அலெக்ஸ் ஹால்டர்மன் எழுதினார். பூட்டு செய்த சன்காம், ஒரு கோடி டாலர் கேட்டு வழக்குப் போடுவோம் என்று மிரட்டியது. மறுநாளே வாபஸ். ஷிஃப்ட் கீயை அமுக்குவதைக் குற்றம் என்று சொன்னால் நாட்டில் உள்ள டைப்பிஸ்டுகள் எல்லோரையும் உள்ளே தள்ள வேண்டும் என்று யாராவது எடுத்துச் சொல்லியிருப்பார்கள்.

2004-ல் சோனி மியூசிக்கும் பிஎம்ஜியும் கைகோத்து சோனி பிஎம்ஜி ஆயின. மார்க்கரிடம் தோற்றவரும் ஷிஃப்டிடம் தோற்றவரும் ஒரே கூரையின் கீழ். உச்சக்காட்சி 2005 அக்டோபர் 31.

மார்க் ருசினோவிச் என்ற கணினி நிபுணர் தன் கணினியில் ஒளிந்திருக்கும் கள்ள நிரல்களை, அதாவது ரூட்கிட்டுகளை, தேடிக்கொண்டிருந்தார். ஒன்று மாட்டியது. எங்கிருந்து வந்தது என்று நோண்டினால், காசு கொடுத்து வாங்கிய வான் ஸான்ட் சகோதரர்களின் சிடியிலிருந்து. கணினியில் போட்டதும் எக்ஸ்சிபி என்ற பூட்டு உள்ளே இறங்கி, டாலர் குறிகளுக்கு நடுவே 'சிஸ்' என்று தொடங்கும் எந்தக் கோப்பையும் கண்ணில் படாமல் மறைத்துவிடும். யார் வைத்த கோப்பு என்றெல்லாம் கேட்காது. கேம் விளையாட்டில் ஏமாற்றுகிறவர்கள் தங்கள் கோப்புக்கு அந்தப் பெயரை வைத்துத் தப்பினார்கள். வைரஸ் எழுதுகிறவர்களும் பின்னாலேயே வந்தார்கள். தைரியமாக அதை அழித்தால் சிடி டிரைவே கணினியிலிருந்து காணாமல் போனது. கூட வந்த ஒப்பந்தத்தைப் படித்தவர்கள் இன்னும் மிரண்டார்கள்: வீட்டில் திருடு போய்த் தட்டு தொலைந்தால் கணினியில் உள்ள பாட்டையும் அழித்துவிட வேண்டும். திவாலானாலும் அழிக்க வேண்டும். கடன்காரன் வாசலில் நிற்கும்போது முதல் வேலை, பாட்டை அழிப்பது.

சோனி பிஎம்ஜியின் டிஜிட்டல் பிரிவுத் தலைவர் வானொலியில், பெரும்பாலான ஜனங்களுக்கு ரூட்கிட் என்றால் என்னவென்றே தெரியாது, அவர்கள் ஏன் கவலைப்பட வேண்டும் என்ற தொனியில் கேட்டார். ஜனங்களுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. நீக்குவதற்கென்று கம்பெனி கொடுத்த நிரல் இன்னொரு பெரிய ஓட்டையைத் திறந்துவைத்தது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்களில் ஒருவர் நம் ஷிஃப்ட் கீ ஹால்டர்மன்.

கொஞ்ச நாளில் எக்ஸ்சிபியைப் பிரித்துப் பார்த்தவர்கள் கண்டுபிடித்த விஷயம்தான் எனக்கு இந்த வரலாற்றிலேயே பிடித்த இடம். நகல் எடுப்பதைத் தடுக்கும் அந்த நிரலுக்குள், உரிம நிபந்தனையை மதிக்காமல் பிறர் எழுதிய நிரலை நகல் எடுத்துப் போட்டிருந்தார்கள். லேம் என்ற எம்பி3 நிரலின் துண்டுகள் ஒருபுறம். இன்னொருபுறம் விஎல்சி பிளேயரிலிருந்து எடுத்த துண்டு. அதை எழுதியவர்களில் ஒருவர் யோன் யோஹான்சன். ஆமாம், நார்வே பையன். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று நம் பாட்டிகள் சொல்லிவைத்தது இந்த வீட்டைப் பார்த்துத்தான் போலிருக்கிறது.

52 ஆல்பங்கள், 47 லட்சம் தட்டுகள், விற்றவை மட்டும் 21 லட்சம். நவம்பரில் கடைகளிலிருந்து திரும்ப வாங்கினார்கள். வழக்குகள் குவிந்தன, சமரசம் ஆனது. வாங்கியவர்களுக்குப் பூட்டில்லாத மாற்றுத் தட்டு. மேற்கொண்டு, ஏழரை டாலரும் ஓர் ஆல்பமும், அல்லது மூன்று ஆல்பங்கள். தட்டு தபாலில் வந்துசேரும்வரை பொறுமை இல்லாதவர்கள் அதே பாட்டுகளை எம்பி3 கோப்பாகவே இறக்கிக்கொள்ளலாம். சோனி வாக்மேனில் போட்டும் கேட்கலாம். முந்தைய வருடக் கடைசியில்தான் அதுவும் எம்பி3 பாடக் கற்றுக்கொண்டிருந்தது.