நாவூறும் நாய்க்குட்டியும்

கேள்வி: எங்கள் நாய்க்குட்டி பால்குடி மறந்து சோறும் மீன்குழம்பும் உண்ணத் தொடங்கிய நாள்முதல், தின்றதைத் தின்றபடியே வெளியே தள்ளுகிறது, பசியோ அடங்கவில்லை. அயலார் நாவூறு என்கிறார்கள். மெய்தானா? – ஒரு வாசகர், கல்லடி.

பதில்: பாலுக்கு வழிவிட்டுச் சோற்றை மாத்திரம் மறிக்கும் நாவூறு எங்கும் கிடையாது, எடுத்துவைத்த செத்தல் மிளகாயைக் குசினிக்கே அனுப்பிவிடுங்கள். குமட்டலின்றி, குழம்பின் மஞ்சளும் மாறாமல், பருக்கை பருக்கையாகச் சோறு மீளுமாயின், அது இரைப்பையை எட்டவேயில்லை என்பதே அர்த்தம். கருவில் இருதயத்தினருகே இருபுறமும் தோன்றும் நாடி வளைவுகளுள், பாலூட்டிகளில் இடப்புறத்தது பெருநாடியாக நிலைபெற்று வலப்புறத்தது மறைவதே நியதியாயிருக்க, சில குட்டிகளில், விசேஷமாக அல்சேஷன் சாதியில், இது தலைகீழாகிவிடுவதால், கருப்பருவத்தில் நுரையீரலைத் தவிர்த்து இரத்தத்தைக் கொண்டுசென்று ஜனனத்தின் பின் நாராகிவிடும் சிறுகுழாய், உணவுக்குழாயைக் குறுக்கே இறுக்கிப் பிடிக்கிறது. வாவிக்கரைக் கொக்குக்கு வலவளைவே இயற்கை. அது முழுமீனை விழுங்கிவிட்டு நிஷ்டையில் நிற்க, அதன் அமைப்பைக் கடன்வாங்கிய குட்டியோ கவளச் சோற்றுக்குத் திண்டாடுகிறது!

வேறு காரணங்களும் உண்டாதலால், பேரியம் ஊட்டி எக்ஸ்றே எடுத்தே நிச்சயிக்க வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகத்து மிருக வைத்தியசாலைக்கு இப்போதே கொண்டுசெல்லுங்கள். இறுக்கும் அந்த நாரினை அறுத்துவிடுவதே பரிகாரம், தாமதித்தாலோ மேற்பக்கத்து உணவுக்குழாய் பையாக விரிந்து பின்னர் சுருங்க மறுக்கும். அதுவரை கூழாகக் கரைத்த உணவை, முன்னங்கால்களை உயரத்தில் ஊன்றி நிற்கச் செய்து ஊட்டி, சற்றுநேரம் அவ்வாறே பிடித்திருங்கள். குட்டி படுத்துக்கொண்டால் உணவு நுரையீரலுக்குள் புகுந்துவிடக்கூடும்.