ஆளுக்கொரு விகுதி, ஊருக்கொரே ஓசை

பிரெஞ்சில் 'அவர்கள் பேசுகிறார்கள்' என்பதில் வரும் வினைச்சொல்லுக்கு மொத்தம் ஏழு எழுத்து. கடைசி மூன்றை யாரும் வாயால் தொடுவதில்லை. 'பார்ல்'. ஒரே அசை, ஆட்டம் முடிந்தது! நான் பேசினாலும் பார்ல், நீ பேசினாலும் பார்ல், அவள் பேசினாலும் பார்ல். விகுதிகளோ, நாற்காலியில் கோட்டை மாட்டிவிட்டு டீக்குப் போன குமாஸ்தாக்கள் மாதிரி, பேப்பரில் மட்டும் ஆஜர்.

'நாங்கள்' பேசினால் கொஞ்சம் மரியாதை உண்டு. பார்-லோன், இரண்டு அசை. அழுத்தம் கடைசி அசையில். அதுவும் சொந்தச் சொத்தல்ல. வாக்கியம் நீண்டால், சொற்றொடரின் கடைசிச் சொல் அதைத் தட்டிக்கொண்டு போய்விடும்.

இதற்கெல்லாம் மூலம் லத்தீன். அங்கே அழுத்தம் ஓரிடத்தில் நிற்காது. விகுதி மாறினால் தாவும். பேச்சுவழக்கில் அழுத்தம் விழுந்த அசை பிழைத்தது, பக்கத்தில் நின்ற அப்பாவி அசைகள் காலி. அதனால் பழைய பிரெஞ்சில் 'அவன் பேசுகிறான்' என்றால் 'பரோல்' (ஜெயிலை நினைக்காதீர்கள்), 'நாங்கள்' என்றால் 'பார்லோன்'. ஒரே வினைக்கு இரண்டு முகம்! போகப்போக ஜனங்களுக்கு அலுத்துப்போய், பல வினைகளை ஒரே முகத்துக்கு இழுத்துவந்தார்கள். சாவது போன்ற சிலவற்றை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள்: இன்றும் நான் செத்தால் 'மெர்', நாங்கள் செத்தால் 'மூரோன்'.

'கண்டெடுப்பது' நடுவில் மாட்டிக்கொண்டது. 'ட்ரெவ்' சரியா, 'ட்ரூவ்' சரியா? 1647-ல் இலக்கணப் பெரியவர் வோழ்லா தீர்ப்பு சொன்னார்: இரண்டும் சரி, ஆனால் 'ட்ரூவ்'தான் ரொம்ப உசத்தி, கவிஞர்கள் மட்டும் எதுகைக்காக இரண்டையும் வைத்துக்கொள்கிறார்கள். 1666-ல் நாடகாசிரியர் மோலியேருக்கு விதவையைக் குறிக்கும் 'வெவ்' என்ற சொல்லுக்கு ஜோடி தேவைப்பட்டது. பழைய 'ட்ரெவ்' மேடையேறியது. உசத்தியாவது ஒன்றாவது!

வோழ்லா பாவம், பிரெஞ்சு அகாதெமியின் அகராதி வேலையைச் சுமந்தவர். 1650-ல் கடனோடு கண்ணை மூடினார். கடன்காரர்கள் வீட்டுச் சாமான்களோடு அகராதிக் கையெழுத்துப் பிரதியையும் அள்ளிக்கொண்டார்கள். 'அமரர்கள்' என்று பெயர் வாங்கிய அகாதெமிக்காரர்கள் கோர்ட்டுக்குப் போய் அதை மீட்க வேண்டியிருந்தது.

இதே அகாதெமி 1635-லேயே ஓர் இலக்கண நூலும் தருவதாக வாக்களித்திருந்தது. அது வெளிவந்தது 1932-ல். அதே வருஷம் மொழியியலாளர் ஃபெர்தினான் ப்ரூனோ, அதிலுள்ள ஓட்டைகளுக்கென்றே தனிப் புத்தகம் போட்டார். அவருக்கு 297 வருஷம் தேவைப்படவில்லை.